பசளை மூடைக்கு முன் கிணற்றைக் கேட்போம்

வெள்ளவத்தைச் சந்தையிலோ கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றிலோ எம்மவர் இருவர் சந்தித்தால், சுகம் விசாரித்த பின் அடுத்த பேச்சு காணியைப் பற்றியதாகவே இருக்கும். "உங்கட பக்கம் விட்டாச்சோ?" "எல்லைக்கல் தெரியுதோ?" "கிணறு கிடக்குதோ, தூர்ந்து போச்சோ?" 1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு வெளியேறியவர்கள் எங்களில் பலர். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதுமே ஒரே இரவில் நடந்தபோது அந்தக் கூட்டத்தில் நடந்தவர்களும் எங்களில் உள்ளனர். வன்னியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மூதூர் கிழக்கிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களும் உள்ளனர். தோட்டக்காரராக வந்த நாங்கள் மாடிவீட்டு வாடகைக்காரராகிப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன.

2009இல் போர் முடிந்தபின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு வருகின்றன. எல்லாம் இன்னும் கைக்கு வரவில்லை. வந்த காணிகளைப் பற்றி நாம் உறுதி, எல்லை, வீட்டுத்திட்டம், நட்டஈடு என்று நிறையப் பேசுகிறோம். பேச வேண்டியவைதான். ஆனால் இரண்டு கேள்விகளை யாரும் கேட்பதில்லை. அந்த மண்ணில் முதற்போகத்துக்கு என்ன போடப் போகிறோம்? அந்தக் கிணற்றுத் தண்ணீரை எங்கள் பேரப்பிள்ளைகள் குடிக்கலாமா? இவ்விரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பது எமது கருத்து. அதனை விளங்கிக்கொள்ள, தழைச்சத்து என்று நாம் சொல்லும் நைதரசன் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

தலைக்கு மேலே இரண்டாயிரம் தொன்

அடியிலை மஞ்சளித்தால் பயிருக்கு என்ன குறை என்று எம்மில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கை யூரியா போட்டால் சில நாட்களில் பயிர் கறுத்துத் தளைக்கும். அந்தக் கறுப்புக்குக் காரணம் நைதரசன். இலையின் பச்சையும் தானியத்தின் புரதமும் எங்கள் உடம்பின் தசையும் அது இல்லாமல் உண்டாகா.

வியப்பு என்னவென்றால், நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு இந்த நைதரசனே. ஒரு பரப்புக் காணியின் மேலே நிற்கும் காற்றில் ஏறத்தாழ இரண்டாயிரம் தொன் நைதரசன் இருக்கிறது. இருந்தும் அந்தப் பரப்பில் நிற்கும் மிளகாய்க் கன்று நைதரசன் இல்லாமல் மஞ்சளிக்கிறது. கடல் நடுவே இருந்தும் குடிக்கத் தண்ணீர் இல்லாதவனின் நிலை அது. காற்றிலுள்ள நைதரசன் அணுக்கள் இரண்டு இரண்டாக இறுகப் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை உடைக்கப் பயிரால் முடியாது.

அதனை உடைக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது மின்னல். மழையோடு மண்ணுக்கு வரும் அதன் பங்கு சிறிது. இரண்டாவது பற்றீரியாக்கள். பயறு, உழுந்து, கௌப்பி, சணல், சீமைக்கிளுவை ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் அவை குடியிருக்கின்றன. ஒரு கௌப்பிச் செடியைப் பிடுங்கி வேர்முடிச்சொன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. இதனை ஜேர்மனியில் ஹெல்றீகல், வில்ஃபார்த் என்ற இருவர் 1886இல் நிறுவிக் காட்டினார்கள். காரணம் தெரியாமலே எங்கள் பாட்டன்மார் சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுது தாட்டார்கள்.

மூன்றாவது வழி தொழிற்சாலை. 1909இல் ஃபிறிற்ஸ் ஹேபர் காற்றிலிருந்து அமோனியா செய்து காட்டினார். 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவில் கார்ல் பொஷ் அதனைப் பெருந்தொழிலாக்கினார். இன்று உலகில் உண்போரில் ஏறக்குறைய அரைப்பங்கினர் இந்த வழியில் வரும் நைதரசனைக் கொண்டு விளைந்த உணவை உண்கின்றனர். ஆகவே யூரியாவை நஞ்சென்று வைது ஒதுக்குவது எமது நோக்கமல்ல. அதே தொழிற்சாலைகள் முதலாம் உலகப் போரில் வெடிமருந்துக்கும் மூலப்பொருள் தந்தன என்பதையும் மறக்கலாகாது. எங்கள் கதையிலும் இது பிறகு வருகிறது.

காற்றிலிருந்து இறங்கிய நைதரசன் ஓரிடத்தில் நிற்பதில்லை. பயிரை மாடு தின்கிறது, மாட்டின் சாணமும் சலமும் மண்ணில் விழுகின்றன. குழை உக்குகிறது. மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அதனை அமோனியாவாக்க, வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக்குகின்றன. பயிர் அதனை மீண்டும் உறிஞ்சுகிறது. நீர் தேங்கிக் காற்றோட்டமில்லாத வயல்மண்ணில் இன்னொரு வகைப் பற்றீரியா நைத்திரேற்றைப் பிரித்து மீண்டும் காற்றுக்கே அனுப்பிவிடுகிறது. இறங்குவதும் ஏறுவதுமாக இந்தச் சக்கரம் ஓயாமல் சுழல்கிறது. நாம் புதிதாக எதனையும் உண்டாக்குவதில்லை. கடன் வாங்குகிறோம், ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கிறோமா என்பதே கேள்வி.

கிணறு வைத்திருக்கும் கணக்கு

இந்தச் சக்கரத்தில் எங்கள் யாழ்ப்பாண மண்ணுக்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு. நைத்திரேற்று தண்ணீரில் முழுவதும் கரையும். மண்துகள்கள் அதனைப் பிடித்து வைப்பதில்லை. பயிர் எடுக்காமல் விட்டது மழையோடும் இறைப்பு நீரோடும் கீழே போகும். வேறிடங்களில் ஆழமான களிமண் அதனைத் தாமதப்படுத்தும். வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணக்கல். நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அந்தக் கல்லின் இடுக்குகளில், அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கும் மழைநீரே எங்கள் நன்னீர். ஆறில்லாத குடாநாட்டில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் அதுவொன்றே முதல்.

போருக்கு முந்திய காலத்தை நினைத்துப் பார்ப்போம். 1962இல் பசளை மானியம் தொடங்கியது. 1970களில் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் நாட்டுக்குள் வராமல் கட்டுப்படுத்தப்பட்டபோது எங்கள் தோட்டங்களுக்குப் பொற்காலம் வந்தது. துலா போய் இறைப்பு மெசின் வந்தது. ஆண்டுக்கு மூன்று பயிர் எடுத்தோம். "கூடப் போட்டால் கூட விளையும்" என்று நம்பினோம். அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிப்பித்தோம், வீடு கட்டினோம். இன்று வெள்ளவத்தையில் வாடகை கட்ட முடிகின்றதென்றால், அந்தப் படிப்பும் அதற்கு ஒரு காரணம். இதனை நன்றியோடு சொல்கிறோம்.

ஆனால் மறுபக்கக் கணக்கையும் சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்திலேயே வலிகாமத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீருக்குரிய எல்லையைத் தாண்டிவிட்டதென்று ஆய்வுகள் காட்டின. குண்டு விழுவதற்கு முன்னரே, இராணுவ வேலி வருவதற்கு முன்னரே, எங்கள் கைகளாலேயே எங்கள் கிணற்றைக் கெடுக்கத் தொடங்கியிருந்தோம். பசளை மட்டும் காரணமல்ல. நெருக்கமான வளவுகளில் கிணற்றுக்குப் பக்கத்திலே வெட்டிய மலகூடக் குழிகளும் காரணம். எமக்கு இழைக்கப்பட்ட அநியாயங்களை எழுதும் பேனை, நாம் செய்ததையும் எழுதாவிட்டால் அந்த எழுத்துக்குப் பெறுமதி இல்லை.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ மூடையொன்றில் 23 கிலோ. உலகெங்கும் பார்த்தால், போட்ட நைதரசனில் அரைவாசிக்கும் குறைவாகவே பயிர் எடுக்கிறது. மிச்சத்தில் ஒரு பகுதி அமோனியா மணமாகக் காற்றோடு போகிறது, ஒரு பகுதி கீழே போகிறது. ஒரு மூடையின் கால்வாசி மட்டும் கிணற்று நீரைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 25 கிலோ நைத்திரேற்றாகும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை ஒரு லீற்றரில் 50 மில்லிகிராம். அப்படியானால் அந்தக் கால் மூடை, ஐந்து இலட்சம் லீற்றர் சுத்தமான நீரை எல்லைவரை கொண்டுவந்து விடும். ஒரே மூடை! நாம் ஆண்டுக்கு எத்தனை மூடை போட்டோம் என்பதை அவரவர் நினைத்துக் கொள்ளட்டும்.

இந்த நீரால் பெரிய ஆபத்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே. போத்தல் பால் கரைக்க இந்த நீரைப் பயன்படுத்தினால், குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. இன்னுமொன்றை எங்கள் தாய்மார் கட்டாயம் அறிய வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

இரண்டு தரம் மூடை நின்றது

எமது வாழ்நாளில் இரண்டு தரம் பசளை மூடை எங்கள் கைக்கு வராமல் நின்றது. இரண்டிலும் கற்க வேண்டியது உண்டு.

முதலாவது, 1990இன் பின் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை. வெடிபொருள் செய்யலாம் என்ற காரணத்தால் யூரியாவும் தடைப்பட்ட பொருட்களில் ஒன்றாயிற்று. பயிருக்கு உயிர் தரும் நைதரசனே வெடிக்கும் பொருளாகவும் இருந்ததால் தண்டனை தோட்டக்காரனுக்கு வந்தது. அந்த நாட்களில் எங்கள் ஊர்களில் பழைய முறைகள் மீண்டும் உயிர் பெற்றன. பூவரசங்குழை, கிளுவைக்குழை தாட்டோம். பழைய பனையோலையை மண்ணுக்குள் புதைத்தோம். ஆடுமாட்டைப் பட்டியடைத்தோம். விளைச்சல் குறைந்தது. ஆனால் கைவேலை மறந்து போகவில்லை என்பது தெரிந்தது.

இரண்டாவது, 2021. அவ்வாண்டு ஏப்ரலில் அசேதனப் பசளை இறக்குமதியை நிறுத்தும் முடிவு எடுக்கப்பட்டது, மே மாதத்தில் அது சட்டமாயிற்று. நாட்டின் விவசாயிகள் அனைவரும் ஒரே போகத்தில் சேதனப் பசளைக்கு மாற வேண்டுமென்று சொல்லப்பட்டது. இது ஏன் நடக்கக்கூடியதல்ல என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நல்ல மாட்டெருவில் நூற்றுக்கு அரைப்பங்கு அளவே நைதரசன். ஒரு மூடை யூரியாவிலுள்ள 23 கிலோவைப் பெற ஏறத்தாழ நாலரைத் தொன் எரு வேண்டும். அதற்கு மாடு எங்கே, வண்டில் எங்கே, ஆள் எங்கே? நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது காலம் தாழ்ந்து விட்டது. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அரிசி விலை ஏறியபோது கொட்டாஞ்சேனைக் கடைவாசலில் நின்ற எங்களுக்கும் அது சுட்டது.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. அந்தத் தடைக்குப் பதினெட்டு மாதங்களுக்கு முன்னர், 2019 ஒக்ரோபர் 24ஆம் திகதி, நாம் வாழும் இதே கொழும்பில் பல நாட்டு அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி நைதரசன் பற்றிய கொழும்புப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டனர். ஐக்கிய நாடுகள் சூழல் திட்டத்தின் ஆதரவுடன் நடந்த அக்கூட்டம், வீணாகும் நைதரசனை 2030ஆம் ஆண்டளவில் பாதியாகக் குறைப்பதை நோக்கமாக வைத்தது. வீணாவதைப் பாதியாக்குவது வேறு, போடுவதை ஒரே நாளில் நிறுத்துவது வேறு. முதலாவதற்கு ஒவ்வொரு தோட்டக்காரனோடும் இருந்து கணக்குப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு ஒரு கையெழுத்துப் போதும். நாடு எளிய வழியைத் தேர்ந்தது, உழைப்பவன் நட்டப்பட்டான்.

மலிவு மானியமும் இதே தவறின் மறுபுறமே. 2005இன் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் நெற்செய்கையாளருக்கு மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. மலிவாகக் கிடைத்ததை அளந்து போட யாருக்கு மனம் வரும்? அள்ளிக் கொடுப்பதும் அடியோடு பறிப்பதும் இரண்டும் விவசாயியைக் கணக்கறியாதவனாகவே எண்ணுகின்றன.

கொழும்பில் முடியும் பயணம்

கொழும்பில் இருக்கும் எமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். சக்கரம் அறுந்து கிடக்கும் இடமே இதுதான். ஊரிலிருந்து வரும் வெங்காயத்தையும் முருங்கைக்காயையும் வெள்ளவத்தையில் வாங்கிச் சமைக்கிறோம். அவற்றோடு ஊர்மண்ணின் நைதரசனும் லொறியேறி வருகிறது. ஒரு மனிதர் ஆண்டொன்றுக்கு மூன்று நாலு கிலோ நைதரசனை, பெரும்பாலும் சலத்தின் வழியாக, வெளியேற்றுகிறார். ஏழு பேருள்ள குடும்பம் ஆண்டுக்கு ஒரு மூடை யூரியாவுக்குச் சமமானதை மலகூடத்தின் வழியாக அனுப்பி விடுகிறது. ஊரில் என்றால் அது எப்படியோ மண்ணைச் சேரும். இங்கே?

கொழும்பின் கழிவுநீர்க் குழாய்கள் இரண்டு இடங்களில் கடலுக்குள் போகின்றன. ஒன்று வடக்கே, கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்தில். மற்றது தெற்கே வெள்ளவத்தையில். எங்கள் மக்கள் செறிந்து வாழும் இரண்டு இடங்களின் அருகிலேயே தோட்டத்து நைதரசன் கடலில் கரைந்து போகிறது. பல ஆண்டுகள் அது சுத்திகரிக்கப்படாமலே போனது. நகரத்தின் நடுவே பேர வாவி பச்சை பிடித்து நாறுவதற்கும், கழிவுநீரோடு வந்து சேரும் நைதரசனும் பொசுபரசும் பாசியை வளர்ப்பதே காரணம். தோட்டத்தில் பசளையானது வாவியில் நோயாகிறது.

குப்பையின் கதையும் அதுவே. கொட்டாஞ்சேனை புளூமெண்டால் வீதிக் குப்பைமேட்டின் மணம் அங்கே குடியிருந்த எம்மவருக்குத் தெரியும். பின்னர் குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், அந்த மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. அந்த மலையின் பெரும்பகுதி சமையலறைக் கழிவு. மண்ணுக்குத் திரும்பியிருக்க வேண்டிய கூட்டெரு ஏழை வீடுகளின்மேல் விழுந்தது. கெரவலப்பிட்டியில் 2021இல் திறக்கப்பட்ட நிலையத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். குப்பைமலையைவிட அது மேலானதுதான். ஆனால் எரித்த குப்பையின் நைதரசன் புகையோடு போய்விடும், எந்தத் தோட்டத்துக்கும் திரும்பாது.

என்ன செய்யலாம்?

காணிக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு நாம் சொல்ல விரும்புவது சிலவே.

முதலாவது, பற்றையை எரிக்காதீர்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்பட்ட காணியில் மட்டும் இறங்குங்கள் என்பதை முதலில் சொல்லி விடுகிறோம். முப்பது ஆண்டு காடாகிக் கிடந்த காணியைக் கண்டதும் மனம் உடைகிறது. புல்டோசர் பிடித்துத் தள்ளிக் குவித்து நெருப்பு வைக்கத் தோன்றுகிறது. அந்தக் காட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இபில் இபில், சீமைக்கிளுவை, தொட்டாச்சுருங்கி என்று அதில் எத்தனையோ அவரையினத்தவை. நாம் இல்லாத காலத்தில் அவை காற்றிலிருந்து நைதரசனை இறக்கி எங்கள் மண்ணில் வைப்பிலிட்டிருக்கின்றன. எரித்தால் சாம்பலில் பொட்டாசியமும் சுண்ணமும் மிஞ்சும், நைதரசன் புகையாகும். தடியை விறகுக்கு எடுத்து, இலையையும் நுனியையும் குழியிலிட்டு உக்க விடுங்கள், அல்லது பயிரடியில் மூடாக்காக இடுங்கள்.

இரண்டாவது, முதற்போகத்தில் பழைய அளவை மறந்து விடுங்கள். நீண்டகாலம் உழாத மண்ணைக் கிளறும்போது உக்கல் விரைந்து சிதைந்து நைதரசன் வெளிவரும். அதன்மேல் 1980களின் அளவில் யூரியாவும் போட்டால் பயிர் எடுக்காதது நேரே கிணற்றுக்குப் போகும். மண்ணைப் பரிசோதித்து, விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, தேவைப்பட்டதைப் பகுதி பகுதியாக, வேருக்கு அருகே மண்மூடிப் போடுங்கள். மாரிமழை கொட்டும் வேளையில் போடாதீர்கள். நெல்வயலிலும் தண்ணீர் ததும்ப நிற்கையில் ஒரேயடியாக விசிறினால் பாதி காற்றோடும் வாய்க்காலோடும் போகும்.

மூன்றாவது, இரண்டு காசுப்பயிருக்கு நடுவே ஒரு பயறோ உழுந்தோ சணலோ வரட்டும். வேலியில் சீமைக்கிளுவை நிற்கட்டும். இவை முழுத் தேவையையும் நிரப்பும் என்று நாம் சொல்லவில்லை. மூடையின் எண்ணிக்கையைக் குறைக்கும், காசும் மிஞ்சும், கிணறும் தப்பும்.

நான்காவதும் தலையானதும், பசளை மூடை வாங்குமுன் கிணற்று நீரைச் சோதியுங்கள். முப்பது ஆண்டு பசளை படாத காணியின் கிணறு சுத்தமாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். காணிக்கு வேலி உண்டு, அடிநில நீருக்கு வேலி இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் போட்டது எங்கள் வாளியில் வரலாம், நாம் போடுவது அடுத்த ஊர்க் குழந்தையின் போத்தலில் போகலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையையோ அணுகினால் எங்கே சோதிப்பதென்று சொல்வார்கள். புதுவீடு கட்டுபவர்கள் மலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து இயன்றவரை தூரத்தில், அடியும் சுவரும் நீர்கசியாதபடி கட்டுங்கள். வெடிப்புள்ள சுண்ணக்கல்லில் தூரம் மட்டும் காவலாகாது.

அதிகாரத்தில் உள்ளவர்களிடமும் நாம் கேட்பது உண்டு. காணியை விடுவிக்கும்போது ஒரு கடதாசியை மட்டும் கையில் தராதீர்கள். அந்தக் காணியின் மண் சோதனையும் கிணற்று நீர்ச் சோதனையும் அரசாங்கச் செலவில் கூடவே வரட்டும். வேலி போட்டு வைத்திருந்தவர்கள் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை அது. கொழும்பில் பிரித்துச் சேர்க்கும் சமையலறைக் கழிவு, கண்ணாடியும் பிளாஸ்ரிக்கும் கலவாத நல்ல கூட்டெருவாகித் தோட்டங்களுக்குப் போக வழி செய்யுங்கள். வடக்குக்குப் போகும் லொறிகள் அதனை ஏற்றலாமே.

திரும்பிப் போக முடியாதவர்களும் எங்களில் இருக்கிறார்கள். வயது போய்விட்டது, பிள்ளைகள் இங்கே வேரூன்றி விட்டனர். அவர்களுக்கும் வேலை உண்டு. மாடிப்படியில் ஒரு வாளி வைத்து மரக்கறித் தோலையும் தேயிலைச் சக்கையையும் காய்ந்த இலையோடு சேர்த்து உக்க வைத்து, பூச்சாடியில் ஒரு கறிவேப்பிலையும் இரண்டு மிளகாயும் வளர்க்கலாம். பேரப்பிள்ளை அருகில் நின்று கேட்கட்டும். எந்தக் குழை விரைந்து உக்கும், எந்த இலை எதற்கு மஞ்சளிக்கும், பட்டி எப்போது அடைப்பது, சணலை எப்போது உழுவது என்பவை உங்கள் நினைவில் இருக்கின்றன. இவை எந்த உறுதியிலும் எழுதப்படவில்லை. நீங்கள் சொல்லாமல் போனால் காணி திரும்பி வந்தாலும் தோட்டம் திரும்பாது.

அடுத்த தரம் வெள்ளவத்தைச் சந்தையில் ஊரவரைக் கண்டு, "உங்கட பக்கம் விட்டாச்சோ?" என்று கேட்கும்போது, கூடவே ஒன்றையும் கேட்போம்: "கிணத்துத் தண்ணியைச் சோதிச்சுப் பாத்தியளோ?"